மூடியைத் திறந்தால் பதநீர் மழை!

கோடையில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மரக்காணம் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டு காட்சிகள் தப்பாது. ஒன்று, உப்பளங்களில் வரிசையாகக் குவித்து வைத்திருக்கும் வெள்ளை வெளேர் உப்பு. இன்னொன்று, பனைமர நிழலில் பானையை வைத்துக்கொண்டு நுங்கும் பதநீரும் விற்பவர்கள்.

காரை ஓரங்கட்டிவிட்டு ஆளுக்கு ஒரு பட்டை பதநீர் குடித்ததும், வீட்டில் இருக்கிற தாத்தா பாட்டி நினைவு வரும். காரில் கிடக்கும் காலி தண்ணீர் பாட்டிலில் கழுத்து வரை ரொப்பி, வழியில் சிந்திவிடக் கூடாதே என்று மூடியை இறுக்கித் திருகி, டிக்கியில் வைத்துவிட்டுக் கிளம்புவார்கள். சென்னை வந்து சேர இரண்டு, மூன்று மணி நேரம். பாட்டிலை எடுத்துப் பார்த்தால் அடிப்பாகம் உப்பிப்போய், நேராக நிற்க முடியாமல் ஆடும். அதை அறியாமல் மூடியைத் திருகினால் ‘புஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். தாத்தாவுக்காக வாங்கி வந்ததில் பாதி சமையலறைக் கூரையில் இருக்கும். மீதி திறந்தவரின் முகத்தில்.

இதோடு போனால் சிரித்துவிட்டுத் துடைத்துக்கொள்ளலாம். அதே பதநீரைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைத்திருந்தால், உடைந்து தெறிக்கும் சில்லுக்கு யார் கண் என்று தெரியாது. அதனால் இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்.

பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது?

பனம்பாளையைச் சீவியதும் சொட்டுகிற சாறு சுத்தமான இனிப்புநீர். காற்றிலும், பாளையை மொய்க்கும் வண்டு, ஈக்களிலும், பழைய கலயத்தின் உட்புறத்திலும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் இருக்கிறது. இனிப்பைக் கண்டால் அது சும்மா இருக்காது. சர்க்கரையைத் தின்று இரண்டு பொருள்களை வெளியே தள்ளும். ஒன்று ஆல்கஹால், இன்னொன்று கரியமில வாயு. இனிப்புநீர் கள்ளாக மாறுவது இப்படித்தான்.

இதைத் தடுக்கத்தான் பனையேறிகள் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஈஸ்ட்டால் வேலை செய்ய முடியாது. ஒரே மரம், ஒரே பாளை. சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லாவிட்டால் கள்.

“சுண்ணாம்புதான் போட்டிருக்கே, அப்புறம் எப்படிப் பொங்கும்?” என்று கேட்கலாம். சுண்ணாம்பு நிரந்தரக் காவல் இல்லை. அளவு குறைந்திருந்தாலும், அடியில் படிந்து தெளிந்துபோனாலும், நேரம் ஆக ஆக அதன் வீரியம் குறைந்தாலும் ஈஸ்ட் மெல்லத் தலைதூக்கும். முப்பது முப்பத்தைந்து டிகிரி வெப்பம் அதற்குக் கல்யாண விருந்து மாதிரி. மே மாதத்து டிக்கியில் அதற்குக் குறைவே கிடையாது.

ஒரு ஸ்பூன் போதும்

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒரு லிட்டர் பதநீரில் சுமார் 100 கிராம் சர்க்கரை இருக்கும். அது முழுவதும் புளித்தால் அதில் ஏறக்குறைய பாதி எடை, அதாவது 50 கிராம், கரியமில வாயுவாக மாறும். திறந்தவெளியில் அந்த வாயு 25 லிட்டருக்கும் அதிகமான இடத்தை அடைக்கும். ஒரு லிட்டர் பாட்டிலுக்குள் 25 லிட்டர் காற்று!

அவ்வளவு தூரம் போகக்கூட வேண்டாம். கடையில் விற்கும் சோடாவில் லிட்டருக்கு ஆறு முதல் எட்டு கிராம் வாயுதான் கரைந்திருக்கிறது. அந்த அளவு வாயு உண்டாக 15 கிராம் சர்க்கரை, அதாவது ஒரு பெரிய ஸ்பூன், புளித்தால் போதும். சோடா பாட்டிலுக்குள் சாதாரண வெப்பநிலையிலேயே கார் டயரில் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு அழுத்தம் இருக்கும். குளிர்பான பாட்டில்கள் தடிமனாக இருப்பதும், அடிப்பாகம் ஐந்து விரல் குவித்தாற்போல் வளைந்திருப்பதும் அதைத் தாங்குவதற்குத்தான். தண்ணீர் பாட்டில் மெல்லியது. ஜாம், சாஸ் வந்த கண்ணாடி பாட்டில்களுக்கும் இந்த வேலை தெரியாது.

சோடாவில் அளந்த வாயுதான் உண்டு. அதில் ஈஸ்ட் இல்லாததால் அழுத்தம் தானாகக் கூடிக்கொண்டே போகாது. புளிக்கும் பதநீரில் அளப்பவர் யாரும் இல்லை. சர்க்கரை இருக்கும் வரை வாயு வந்துகொண்டே இருக்கும்.

திறந்ததும் பொங்குவது ஏன்? மூடி இறுக்கமாக இருக்கும்வரை வாயு திரவத்துக்குள் அமுங்கிக் கிடக்கிறது. மூடி திறந்து அழுத்தம் சட்டென்று குறைந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே ஓடிவரப் பார்க்கிறது. சுண்ணாம்புத் துகள், பாளைத் தூசி போன்றவற்றைச் சுற்றிக் குமிழிகள் வேகமாக உருவாகும். திரவம் சூடாக இருந்தால் வாயு கரைந்து தங்குவதும் குறைவு. வண்டியில் குலுங்கி வந்த, சூடான, துகள் நிறைந்த பதநீர் என்றால் கேட்கவே வேண்டாம்.

கலயம் வெடித்ததில்லை

பனையும் பதநீரும் நமக்குப் புதிதல்ல. ஆனால், கலயம் வெடித்ததாக யாரும் கதை சொல்வதில்லை. காரணம் எளிது. கலயத்துக்கு இறுக்கமான மூடி கிடையாது. கள்ளை வடிகட்டப் பயன்படும் பன்னாடைகூட வலை போன்றதுதான். தூசியும் பூச்சியும் தங்கும், காற்று போகும்.

நம் சமையலறையிலும் இதே பழக்கம்தான் இருந்தது. இட்லி மாவுப் பாத்திரத்தின் மேல் ஒரு தட்டைச் சும்மா மூடி வைப்பார்கள். ஊறுகாய் ஜாடியின் வாயில் வெள்ளைத் துணி கட்டுவார்கள். பழைய சோற்றுப் பானையும் அப்படித்தான். புளிக்கிற பொருளை யாரும் திருகி மூடியதில்லை. அதற்கு மூச்சு விட வழி வேண்டும் என்பது கணக்குத் தெரியாமலே கைக்குத் தெரிந்திருந்தது. திருகு மூடி வந்த பிறகு அந்தப் பழக்கம் போய்விட்டது. காற்றுப் புகாத டப்பா என்பதையே பெருமையாகச் சொல்லி விற்கிற காலம் இது. அரிசி, பருப்புக்கு அந்த டப்பா நல்லது. புளிக்கிற எதற்கும் அது ஆகாது.

பீர்காரர்கள் பட்ட பாடு

அமெரிக்காவில் வீட்டில் சொந்த உபயோகத்துக்குப் பீர் தயாரிப்பதற்கான சட்டத் தடை 1978ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் நீங்கியது. அதற்குப் பிறகு அது பல வீடுகளில் வார இறுதிப் பொழுதுபோக்கு. அவர்கள் பீரைப் பாட்டிலில் அடைக்கும்போது நுரைக்காகக் கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பார்கள். லிட்டருக்கு ஐந்து முதல் எட்டு கிராம் வரை. கை தவறிக் கூடினாலோ, முதல் புளிப்பு முடிவதற்குள் அவசரப்பட்டு அடைத்துவிட்டாலோ, பாட்டில் சரியாகக் கழுவாமல் வேறு கிருமி புகுந்துவிட்டாலோ, சில வாரங்களில் நடுராத்திரியில் ‘டமார்’. ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதும் உடையும். அந்த ஊர்க்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரே ‘பாட்டில் குண்டு’.

பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் இதைவிடப் பெரிய சேதம் நடந்திருக்கிறது. பாதாளக் கிடங்குகளில் அடுக்கிய பாட்டில்கள் சரம் சரமாக வெடிக்கும். உள்ளே போகும் தொழிலாளிகள் முகத்தில் இரும்புக் கவசம் அணிந்தார்கள். 1836ல் பிரான்சுவா என்ற மருந்தாளுநர், எவ்வளவு சர்க்கரைக்கு எவ்வளவு வாயு என்று கணக்கிட்டுச் சொன்ன பிறகுதான் சேதம் குறைய ஆரம்பித்தது.

தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். கள்ளுக்கும் 1987 ஜனவரி முதல் தடை. மரக்காணத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் புதுச்சேரியில் கள் விற்கலாம், இங்கே கூடாது. பதநீருக்குத் தடை இல்லை. ஆனால், காலையில் பதநீராக வாங்கியது மாலைக்குள் கள்ளாகிவிட்டால் ஈஸ்ட்டுக்கு மாநில எல்லையும் தெரியாது, சட்டமும் தெரியாது.

இந்தக் கரைக்கும் கள்ளுக்கும் உறவு பழையது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அந்தப் பட்டினத்தில், நுளையர் வீட்டுப் பெண் வடித்த தேறலையும் சுட்ட மீனையும் பாணர்களுக்குப் பரதவர்கள் கொடுத்து உபசரிக்கும் காட்சி அந்த நூலில் இருக்கிறது.

மரக்காணம், குடி என்று சேர்த்துச் சொன்னால் 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்த துயரம் பலருக்கு நினைவு வரும். அது வேறு. அங்கே உயிரைக் குடித்தது மெத்தனால் என்ற தொழிற்சாலை ரசாயனம். பதநீர் புளிப்பதால் அந்த விஷம் உண்டாவதில்லை. பதநீர் பாட்டிலில் இருக்கும் ஆபத்து அழுத்தமும், குழந்தைகளுக்குத் தெரியாமல் உள்ளே போகும் ஆல்கஹாலும்தான்.

வாங்கும்போது கவனிக்க

பதநீரை அங்கேயே குடிப்பதுதான் உத்தமம். வீட்டுக்கு வேண்டுமென்றால் காலையில் இறக்கியதைக் காலையிலேயே வாங்குங்கள். மதியத்துக்கு மேல் வாங்கினால், குடித்துப் பார்த்துப் புளிப்போ நுரையோ தெரிந்தால் வேண்டாம்.

தூக்குவாளி அல்லது தடிமனான குளிர்பான பாட்டில் கொண்டுபோகலாம். கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது. முக்கால் பாகம் மட்டும் ஊற்றி, மூடியை அரைத் திருகலோடு விட்டு, சாயாமல் நிறுத்தி வையுங்கள். ஐஸ் போட்ட பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. குளிரில் ஈஸ்ட் தூங்கிவிடும், சாகாது. அதனால் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் அன்றே குடித்துவிட வேண்டும்.

மீந்துவிட்டால் அடைத்து வைக்காதீர்கள். கொதிக்க வைத்தால் ஈஸ்ட் செத்துவிடும். அதில் பச்சரிசி, பாசிப்பருப்பு போட்டுப் பதநீர்ப் பொங்கல் வைத்துவிடலாம். பொங்குவதானால் அது பானையிலேயே பொங்கட்டும்.

பாட்டில் உப்பிவிட்டதா?

பதறாதீர்கள், குலுக்காதீர்கள். பிளாஸ்டிக் பாட்டிலாக இருந்தால் மூன்று, நான்கு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிர்ந்ததும் வாயு திரவத்துக்குள் அடங்கி அழுத்தம் குறையும். பிறகு ஈரமான தடித்த துண்டால் பாட்டிலை முழுவதும் சுற்றி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, வாசலிலோ தொட்டியிலோ வைத்து மூடியைக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். ‘ஸ்’ என்ற சத்தம் வந்ததும் நிறுத்துங்கள். சத்தம் அடங்கியதும் இன்னும் கொஞ்சம். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

கண்ணாடி பாட்டில் என்றால் குழந்தைகளையும் மற்றவர்களையும் முதலில் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கண்ணாடி உப்பிக் காட்டாது. எச்சரிக்கை இல்லாமல் உடையும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தடித்த உறை இல்லாமல் தொட வேண்டாம். சில்லோ மூடியோ கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்காமல், அழுத்தாமல், உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

கூரையில் தெறித்ததை உடனே வெதுவெதுப்பான தண்ணீரால் துடைத்துவிடுங்கள். காய்ந்தால் பிசுபிசுப்பு, அதன் பின்னால் எறும்பு ஊர்வலம். கார் விரிப்பில் கொட்டியிருந்தால் கழற்றி அலசி வெயிலில் போடுங்கள். இல்லாவிட்டால், சோதனைச் சாவடியில் கண்ணாடியை இறக்கும்போது வருகிற வாசனைக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்!

இது பதநீருக்கு மட்டும் இல்லை. வீட்டில் போடும் இஞ்சி பானம், கொம்புச்சா, திறந்து நாளான பழச்சாறு, டப்பாவில் அடைத்த இட்லி மாவு எல்லாவற்றுக்கும் பொருந்தும். உப்பு குறைத்துப் போட்ட ஊறுகாயிலும் குமிழி வரும். மரக்காணத்து உப்பைத் தாராளமாகப் போட்டால் நுண்ணுயிர்கள் அடங்கும். பதநீருக்கு அந்த வழி இல்லை. அதற்கு உள்ளது சுண்ணாம்பும், குளிரும், இறுக்காத மூடியும்தான்.