என் கூலி எங்கே எழுதியிருக்கு?



"மிஸ், போனில யாவாரம் செய்தா முன்னுக்கு வரலாமா?" மாதர் சங்கக் கூட்டங்களுக்குப் போகும்போது அண்மைக் காலமாக நான் அதிகம் கேட்கும் கேள்வி இது. முன்பெல்லாம் "ஓம், வரலாம்" என்று உடனே சொல்லிவிடுவேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. அதற்குக் காரணமான அனுபவம் ஒன்றை இம்மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

மட்டக்களப்பு - திருகோணமலை வீதியில், வாழைச்சேனைக்கும் வாகரைக்கும் இடையில் உள்ள கரையோரக் கிராமம் மாங்கேணி. 2004 சுனாமியையும் அதன் பின்வந்த போரையும் இடப்பெயர்வையும் கண்ட பிரதேசம் இது. தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் இங்கே பலர். அவர்களில் ஒருவர் பனையோலைப் பெட்டி இழைக்கும் அக்கா. பெட்டிகளை வாழைச்சேனைக்குக் கொண்டுபோனால் பஸ் காசும் ஒரு நாளும் செலவாகும். விலையைத் தீர்மானிப்பவரும் கடைக்காரர்தான்.

அவரது மகள் ஒரு பெட்டியைப் படம் எடுத்து முகநூலில் போட்டாள். கொழும்பிலிருந்து ஒருவர் கேட்டார், பிறகு இன்னொருவர். இடைத்தரகர் இல்லாமல் வாங்குபவரோடு நேரே பேச முடிந்தது அக்காவுக்குப் பெரிய விடயம். சித்திரைப் புத்தாண்டு நெருங்கியபோது 30 பெட்டிகளுக்குக் கேள்வி வந்தது. "எடுங்க அக்கா, இப்படியொரு சந்தர்ப்பம் திரும்ப வராது" என்று சொன்னவள் நான்தான்.

அவர் வாராந்தம் கட்டும் நுண்கடன் ஒன்றை எடுத்து ஓலையும் சாயமும் வாங்கினார். நேரம் போதாததால் அயல் பெண்கள் இருவரையும் சேர்த்துக்கொண்டார். பொருள் கையில் கிடைத்த பின் பணம் கொடுக்கும் முறையில் 30 பொதிகளும் அனுப்பப்பட்டன. அவற்றில் 11 திரும்பி வந்தன. சிலர் தொலைபேசியை எடுக்கவில்லை. சிலர் "படத்தில இருந்தது வேற, வந்தது வேற" என்றார்கள். அதில் பொய் இல்லை. படத்தில் இருந்தது அக்காவின் கைவேலை. போனதோ மூன்று பேரின் கைவேலை, மூன்று அளவு. அனுப்பிய கூலியும் அக்காவின் தலையில் விழுந்தது. கடன்காரர் மட்டும் கிழமை தவறாமல் வாசலுக்கு வந்தார்.

நுண்கடன் எங்கள் பெண்களை எப்படி நெருக்கியது என்பது புதிய கதையல்ல. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018ஆம் ஆண்டு அரசாங்கமே தீர்மானிக்க வேண்டிய நிலை வந்தது. இதை அறிந்திருந்தும், கடனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் ஆலோசனை சொன்னேன். சமூகவியல் படித்தவள், கூட்டங்களில் பெண்களின் கண்ணுக்குத் தெரியாத உழைப்பைப் பற்றிப் பேசுபவள். அந்த உழைப்பை நானும் காணத் தவறிவிட்டேன்.

அதன்பின் ஒரு நாள் அவர் வீட்டு விறாந்தையில் இருந்து கணக்குப் பார்த்தோம். ஒரு பெட்டிக்கு ஓலையும் சாயமும் 250 ரூபா. பொதி செய்யும் அட்டைப்பெட்டி, தொலைபேசிக் கட்டணத்தின் பங்கு எல்லாம் 100 ரூபா. விற்ற விலை 800. "அப்ப 450 ரூபா இலாபம்தானே மிஸ்?" என்றார்.

"ஒரு பெட்டி இழைக்க எவ்வளவு நேரம் அக்கா?"

"ஒரு நாள் போகும்."

"உங்கட கூலி எங்கே எழுதியிருக்கு?"

அவர் கொப்பியைப் பார்த்தார். மறுகா என்னைப் பார்த்தார். "எனக்கு நானே கூலி எழுதிறதா?" என்று சிரித்தார். அந்த 450 ரூபா இலாபமல்ல. அது அவரது ஒரு நாள் உழைப்பு, அதுவும் ஊரில் கொடுக்கும் நாட்கூலியை விடக் குறைவு. அவர் நட்டத்தில் விற்றது திரும்பி வந்த 11 பெட்டிகளை மட்டுமல்ல, முப்பதையும்தான்.

இவ்விடத்தில் இந்தியாவின் லிஜ்ஜத் அப்பளத்தை நினைவுகூர்வது பொருத்தமானது. 1959இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபா கடனுடன் ஒரு கட்டிடத்தின் மொட்டை மாடியில் தொடங்கிய வேலை அது. முதல் நாள் செய்தவை நான்கு பொதி அப்பளம். ஆரம்பத்தில் மலிவாக விற்பதற்கென்று தரம் குறைந்த அப்பளத்தையும் செய்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டிய பெரியவர் அதைத் தடுத்தார். ஒரே தரம் இருக்க வேண்டும், கணக்கு ஒழுங்காக எழுத வேண்டும் என்பவையே அவர் வற்புறுத்தியவை. இன்று அந்த அமைப்பில் பல்லாயிரம் பெண்கள் உறுப்பினர்கள். அக்காலத்தில் இணையம் இல்லை. ஆனால் முகம் தெரியாத ஒருவர் நம்பி வாங்குவதற்கு அன்று வேண்டியிருந்தவையே இன்றும் வேண்டும்.

அக்காவுடன் பேசி நாங்கள் எடுத்த தீர்மானங்களை நீங்களும் கவனத்தில் கொள்ளலாம்.

1. அனுப்பப்போகும் பெட்டியையே படம் எடுத்தல். பக்கத்தில் அடிமட்டம் வைத்தால் அளவு தெரியும்.

2. விலையில் பாதியை முற்பணமாகப் பெற்ற பின்பே இழைக்கத் தொடங்குதல்.

3. ஒரு மாதத்தில் இழைக்கக்கூடிய அளவுக்கு மேல் ஒப்புக்கொள்ளாமை. "இந்த மாதம் முடியாது" என்று சொல்வதால் வாடிக்கையாளர் ஓடிவிடமாட்டார். சொன்ன திகதியில் பொருள் வராவிட்டால்தான் ஓடுவார்.

4. பணம் தன் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே வருதல். தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னாலும், எவருக்கும் கொடுக்காமை.

5. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தினூடாகப் பதிவு செய்தல்.

உணவுப் பொருள் செய்பவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையையும் பெற்று, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி ஆகியவற்றைப் பொதியில் குறிப்பிட வேண்டும்.

அக்கா இன்று பெரிய முதலாளியாகிவிடவில்லை. விலையைக் கூட்டியதும் சிலர் விலகிப் போனார்கள். மாதத்தில் பத்துப் பன்னிரண்டு பெட்டிகள் போகின்றன. திரும்பி வந்த பெட்டிகளைக் குறையைச் சொல்லியே குறைந்த விலைக்கு விற்றார். கடனைக் கட்டி முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. அந்தக் கிழமைகளில் என் ஆலோசனைக்கும் சேர்த்து அவர்தான் கட்டினார் என்பதை நான் மறக்கவில்லை.

கடந்த முறை போனபோது கொப்பியைக் காட்டினார். ஓலை, சாயம், அட்டைப்பெட்டி என்ற வரிசைக்கு மேலே, முதலாவதாக எழுதியிருந்தது: "என் கூலி."

இணையத்தில் வியாபாரம் தொடங்க நினைக்கும் சகோதரிகளே, தொலைபேசியைக் கையில் எடுக்குமுன் ஒரு கொப்பியை எடுங்கள். முதல் வரியில் உங்கள் கூலியை எழுதுங்கள். மிகுதியை அடுத்த மாதம் பேசுவோம்.