இரவல் போகும் பிள்ளைகள்



சென்ற திங்கள் ஆவுடையார்கோவில் வட்டத்திலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் எனக்கு வந்தது. நான்கு பக்கக் கடிதம். அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய மகனுக்குப் பதினேழு வயது. அஸர் தொழுகை முடிந்ததும் ஊர்த் திடலில் இறங்கி, மஃரிபு பாங்கு ஒலிக்கும் வரை பந்தை உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை. ஒரு பந்தயத்தில் அவனைப் பார்த்த பயிற்சியாளர் ஒருவர், வெளிமாநிலத்துக் கால்பந்துப் பயிற்சியகம் ஒன்றில் அவனைச் சேர்த்துவிட்டார். இரண்டாண்டுகள் அங்கேயே தங்கிப் பயின்றான். இப்போது அந்தக் கழகம், கீழ்ப்பிரிவில் ஆடும் வேறொரு சிறிய கழகத்துக்கு ஒரு பருவத்துக்கு மட்டும் அவனை ‘லோன்’ முறையில் அனுப்புகிறதாம். அத்தா வளைகுடாவில் இருக்கிறார். கையொப்பமிட வேண்டிய தாள் தாயாரின் கைக்கு வந்திருக்கிறது. “என் பிள்ளை வேண்டாமென்று தள்ளிவிட்டார்களா? கடனுக்குக் கொடுப்பதற்கு அவன் என்ன பண்டமா? ஊரில் கேட்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?” என்று எழுதியிருக்கிறார்.

அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோவில் வழியாக மீமிசல் வரையிலும், அங்கிருந்து கடற்கரையோரமாக அதிராம்பட்டினம் வரையிலும் பந்தின்மீது பற்றுக்கொண்ட பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். இன்று ஒரு தாயின் கையில் இருக்கும் தாள், நாளை உங்கள் வீட்டுக் கதவையும் தட்டலாம். ஆகவே இந்தத் திங்கள் இதைப் பற்றியே பேசுவோம்.

கடன் என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீடுகளில் முகம் சுளிப்பது இயல்பு. அதனால் நாம் இதை ‘இரவல்’ என்றே சொல்வோம். பிள்ளையின் ஒப்பந்தம் தாய்க் கழகத்தோடுதான் இருக்கும். குறித்த காலம் வரை இன்னொரு கழகத்தின் சட்டையை அணிந்து ஆடுவான். காலம் முடிந்ததும் திரும்பி வருவான். இதன் காரணம் எளிது. பெரிய கழகத்தின் முதல் அணியில் முதிர்ந்த ஆட்டக்காரர்களும் வெளிநாட்டாரும் நிறைந்திருப்பார்கள். பதினெட்டு வயதுப் பையன் அவர்களை முந்தி இடம்பிடிப்பது அரிது. தன் வயதுப் பிள்ளைகளோடு மட்டும் ஆடிக்கொண்டிருந்தாலோ ஒரு கட்டத்துக்கு மேல் வளர்ச்சி நின்றுவிடும். முப்பது வயது ஆளின் தோள் இடிக்கும்போது நிலைகுலையாமல் நிற்பதையும், ஒரு தவற்றுக்காகக் கூட்டம் முழுவதும் ஏசும்போது அடுத்த பந்தை அஞ்சாமல் வாங்குவதையும் பெரியவர்களின் ஆட்டத்தில்தான் கற்க முடியும்.

நம் முன்னோர் அறியாத வழக்கமன்று இது. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த நம் பாட்டன்மார்களில் பலர், தம் மகனைத் தம் கடைக் கல்லாவில் உட்கார வைக்கமாட்டார்கள். முதலில் இன்னொருவர் கடையில் சேர்த்து, சரக்கு இறக்கவும் நிறுக்கவும் கணக்கெழுதவும் பழக்கி, அதன் பிறகே தம் கடைக்கு அழைப்பார்கள். அத்தாவின் கடையில் அவன் முதலாளியின் மகன். அடுத்தவர் கடையில் வேலையாள். தொழில் அங்கேதான் படியும் என்பது அவர்கள் கண்ட உண்மை.

உலகறிந்த இருவரைப் பாருங்கள். இங்கிலாந்தின் டேவிட் பெக்காம் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் பயிற்சியில் வளர்ந்தவர். 1995-ல், கடைசிப் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த பிரஸ்டன் கழகத்துக்கு அவரை இரவலாக அனுப்பினார்கள். தம்மை விலக்கிவிடப் பார்க்கிறார்களோ என்று அப்போது அஞ்சியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆவுடையார்கோவில் தாயாருக்கு வந்த அதே ஐயம்! அங்கே அவர் ஆடியவை ஐந்து ஆட்டங்கள். அடித்தவை இரண்டு கோல்கள். அதே ஆண்டு ஏப்ரலில் மான்செஸ்டர் அணிக்காக முதல் லீக் ஆட்டம் ஆடிவிட்டார்.

ஹாரி கேன் கதை இன்னும் நீளமானது. டாட்டன்ஹாம் கழகம் 2011-க்கும் 2013-க்கும் இடையில் லெய்ட்டன் ஓரியன்ட், மில்வால், நார்விச், லெஸ்டர் என்று நான்கு கழகங்களுக்கு அவரை அனுப்பியது. நார்விச்சில் காலெலும்பு முறிந்தது. லெஸ்டரில் பல ஆட்டங்களில் மாற்று ஆட்டக்காரராக வெளியில் உட்கார்ந்திருந்தார். அந்த இளைஞர்தான் 2018 உலகக்கோப்பையில் அதிகக் கோல் அடித்தவர். 2023-ல் டாட்டன்ஹாம் கழகத்துக்கும் இங்கிலாந்து நாட்டுக்கும் அதிகக் கோல் அடித்தவர் என்ற சாதனைகளை ஒரே ஆண்டில் எட்டியவர்.

நம் தமிழகத்திலேயே சான்று உண்டு. 2016-ல் சென்னையின் எஃப்.சி. கழகத்தில் அனிருத் தாப்பா, ஜெர்ரி லால்ரின்சுவாலா என்ற இரு இளைஞர்கள் சேர்ந்தார்கள். இருவரும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பயிற்சியகத்திலிருந்து வந்தவர்கள். இந்தியன் சூப்பர் லீக் அந்நாளில் ஆண்டின் கடைசி மூன்று திங்கள்களில் முடிந்துவிடும். எஞ்சிய காலத்தில் பிள்ளைகள் ஆட வேண்டாமா? 2017-ன் தொடக்கத்தில் தாப்பா பஞ்சாபின் மினெர்வா கழகத்துக்கும், ஜெர்ரி புனேயின் டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ் கழகத்துக்கும் இரவலாகச் சென்று ஐ-லீக் பந்தயங்களில் ஆடினார்கள். இரண்டும் அன்று பெரும்பெயர் பெற்றவை அல்ல. 2018 மார்ச்சில் சென்னையின் அணி, பெங்களூரு அணியை அதன் சொந்த ஊரிலேயே 3-2 என்று வென்று கோப்பையைக் கைப்பற்றியபோது இருவரும் அந்த அணியின் வீரர்கள். இருவரும் இந்தியாவுக்கு ஆடினார்கள். தாப்பா பின்னர் சென்னையின் அணித்தலைவராகவும் ஆனார்.

இன்னொன்றும் கவனியுங்கள். 2022-23 பருவம் முதல் ஐ-லீக் முறைப்படி இரண்டாம் படியாயிற்று. அதில் வெல்லும் கழகம் சூப்பர் லீக்குக்கு ஏறலாம் என்ற நிலை வந்தது. அந்த மினெர்வா கழகமே பெயர் மாறி, பஞ்சாப் எஃப்.சி.யாக 2023-ல் முதன்முதலாக ஏறியது. அடுத்த ஆண்டு ஏறியது, 1891-ல் தோன்றிய கொல்கத்தாவின் முகம்மதன் ஸ்போர்ட்டிங். கீழ்ப்பிரிவு என்பதைக் கேவலமாக எண்ண வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இதுவரை சொன்னது ஒரு பக்கம். மறுபக்கத்தை மறைத்தால் அந்தத் தாயாருக்கு நான் துரோகம் செய்தவனாவேன்.

லூகாஸ் பியாசோன் என்ற பிரேசில் இளைஞரைப் பதினெட்டு வயதில் செல்சி கழகம் வாங்கியது. ஸ்பெயின், நெதர்லாந்து, ஜெர்மனி, இங்கிலாந்து, இத்தாலி, போர்ச்சுகல் என்று ஏழு கழகங்களுக்கு இரவலாகப் போனார். 2021-ல் செல்சியை விட்டு நிரந்தரமாக விலகியபோது, அந்தக் கழகத்துக்காக அவர் ஆடியிருந்த லீக் ஆட்டம் ஒன்றே ஒன்று. அக்காலத்தில் அதே கழகம் ஒரே பருவத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களை இரவலுக்கு விட்டிருந்தது. விலை ஏறட்டும் என்று நெல்லைக் குதிரில் அடைத்து வைப்பதுபோல மனிதரை அடைத்து வைக்கலாமா?

இந்தக் கேள்வி வலுத்ததால்தான் உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா, 2022 ஜூலை முதல் நாடுவிட்டு நாடு செல்லும் இரவலுக்கு வரம்பு கட்டியது. இரவல் ஓராண்டுக்கு மேற்படக் கூடாது. இரவல் போனவரை அங்கிருந்து மூன்றாம் கழகத்துக்கு மறு இரவல் விடக் கூடாது. 2024 ஜூலை முதல் ஒரு கழகம் ஆறு பேரைத்தான் அனுப்பலாம், ஆறு பேரைத்தான் பெறலாம். ஆனால் 21 வயது வரையுள்ள, அந்தக் கழகமே வளர்த்த பிள்ளைகள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். உள்நாட்டு இரவலுக்கும் மூன்றாண்டுகளுக்குள் விதி வகுக்குமாறு அந்தந்த நாட்டுக் கூட்டமைப்புகளுக்குச் சொல்லப்பட்டது.

ஆக, இரவல் ஒரு பிள்ளையை வளர்க்கவும் செய்யும், அலைக்கழிக்கவும் செய்யும். எது நடக்கும் என்பதைக் கையொப்பத்துக்கு முன் நாம் கேட்கும் கேள்விகளைக் கொண்டு பெரிதும் அறியலாம்.

முதற்கேள்வி: அந்தச் சிறிய கழகத்தின் பயிற்சியாளர் பிள்ளையை விரும்பிக் கேட்டாரா, அல்லது இவர்கள் கொண்டுபோய் விடுகிறார்களா? பிள்ளை ஆடும் இடத்தில் அங்கே ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள்? வெளியில் உட்கார்ந்திருக்கவா இத்தனை தூரம் போக வேண்டும்?

இரண்டாவது, தாளைப் பற்றியது. தொடங்கும் நாளும் முடியும் நாளும் எழுதப்பட்டுள்ளனவா? சம்பளம் தருவது எந்தக் கழகம்? காலில் அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது? தாய்க் கழகத்திலிருந்து யார் வந்து ஆட்டத்தைப் பார்ப்பார்கள்? இவை வாய்ச்சொல்லாக இருத்தல் போதாது. பதினெட்டு வயது நிரம்பாதவரைத் தொழில்முறை ஒப்பந்தத்தில் மூன்றாண்டுகளுக்கு மேல் கட்டிவைக்க ஃபிஃபா விதி இடம் தருவதில்லை. புரியாத மொழியில் எழுதிய தாளானால் விவரமறிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிப் பெட்டியில் வையுங்கள். இடையில் தரகர் ஒருவர் தோன்றிப் ‘பிள்ளையை ஏற்றிவிட இவ்வளவு செலவாகும்’ என்று சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். ஆடுகிற பிள்ளைக்குக் கழகம் பணம் கொடுக்கும்; பிள்ளை வீட்டார் நகையை விற்றுக் கொடுக்கும் இடம் கழகமாக இராது.

மூன்றாவது, படிப்பு. இங்கிலாந்தில் பதினாறு வயதில் கழகத்தில் சேரும் பிள்ளைக்கு இரண்டாண்டுப் பயிற்சியோடு கல்வியும் சேர்ந்தே வரும். நம் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை எங்கே, எப்படி எழுதப் போகிறான் என்று கேட்டே ஆகவேண்டும். பந்தாட்டத்தை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை நாடே 2025-ல் கண்டது. ஒப்பந்தச் சிக்கலால் அவ்வாண்டு ஜூலையில் சூப்பர் லீக் தொடர் நிறுத்திவைக்கப்பட்டது. சம்பளத்தை நிறுத்திய கழகமும் உண்டு. நாட்டின் தலைசிறந்த வீரர்களே கைபிசைந்து நின்ற காலம் அது. தமிழக அரசுப் பணிகளில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. விதிகளுக்கேற்ற போட்டிகளில் ஆடிய சான்றிதழும் வேண்டும், கல்வித் தகுதியும் வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் பாதுகாத்து வையுங்கள்.

நான்காவது, தாய்மார்கள் கேட்கத் தயங்கும் கேள்வி: தங்குமிடமும் உணவும். ஹலாலான சாப்பாடு கிடைக்குமா, ரமலானில் ஸஹருக்கு ஏற்பாடு உண்டா, ஜும்ஆவுக்குப் போக முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். 2021 ஏப்ரலில் இங்கிலாந்தின் லெஸ்டர் அணிக்கும் கிரிஸ்டல் பேலஸ் அணிக்கும் நடந்த ஆட்டத்தில், மஃரிபு நேரம் கடந்ததும் பந்து வெளியே போன சமயம் பார்த்து ஆட்டத்தைச் சற்று நிறுத்தினார்கள். லெஸ்டரின் ஃபோஃபானாவும் பேலஸின் குயாத்தேயும் நோன்பு திறந்தார்கள். கேட்டதனால் கிடைத்த மரியாதை அது.

ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு சொல். பன்னிரண்டு வயதில் பந்தைக் காட்டிக்கொடுத்தது உங்கள் ஊர்த் திடலும் உங்கள் சங்கமும்தான். ஓர் ஆட்டக்காரர் ஒப்பந்தம் நடப்பிலிருக்கும்போது நாடுவிட்டு நாடு பணத்துக்கு மாற்றப்பட்டால், அந்தத் தொகையில் 5 விழுக்காட்டை 12 முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டுமென்பது ஃபிஃபா விதி. ஆனால் எழுத்தில் பதிவாகாத சங்கத்துக்கு எதுவும் வராது. மாவட்டக் கால்பந்துக் கழகத்தில் சங்கத்தைப் பதியுங்கள். பிள்ளைகளின் பெயர்களையும் கூட்டமைப்பின் பதிவேட்டில் முறையாக ஏற்றுங்கள். பணம் வராவிட்டாலும், ‘இவன் எங்கள் திடலில் வளர்ந்தவன்’ என்பதற்கு ஆதாரமாவது இருக்கும்.

கடைசியாக, கடிதம் எழுதிய சகோதரிக்கு.

அம்மா, உங்கள் பிள்ளையைத் தள்ளிவிட்டார்களா என்று கேட்டீர்கள். அந்தத் தாளைப் படிக்காமல் உறுதியாகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் வேண்டாத பிள்ளையாக இருந்தால் விடுவித்து ஊருக்கு அனுப்பிவிடுவதே கழகங்களின் வழக்கம். திரும்ப அழைக்கும் எண்ணம் இருப்பதால்தான் இரவல் என்று எழுதுகிறார்கள். மேலே சொன்ன நான்கு கேள்விகளுக்கும் தெளிவான பதில் கிடைத்தால், அவன் அத்தாவிடமும் கலந்துகொண்டு, மனநிறைவோடு கையொப்பமிடுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், ஒரு பருவம் காத்திருப்பதில் நட்டம் ஏதுமில்லை. அவனுக்குப் பதினேழு வயதுதான்.

அவன் போன பிறகு தொலைபேசியில் பேசும்போது, ‘ஏன் உன்னை அனுப்பினார்கள்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘சாப்பிட்டாயா? இந்த வாரம் எத்தனை நிமிடம் ஆடினாய்?’ என்று கேளுங்கள். ஊரில் விசாரிப்பவர்களிடம், அவன் பாட்டனார் எந்தக் கடையில் தொழில் கற்றார் என்பதைச் சொல்லுங்கள். அவர்களுக்குப் புரியும்.