31ஆம் நாளுக்குப் பிறகு



உயிர்த்த ஞாயிறு ஆண்டுக்கு ஆண்டு திகதி மாறி வரும். 2019இல் அது ஏப்ரல் 21. 2024இல் மார்ச் 31. 2025இல் ஏப்ரல் 20. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் அந்த 2019 காலையில் நடந்த குண்டுவெடிப்பில் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்த கொட்டாஞ்சேனைக் குடும்பங்களுக்கு இதனால் வருடத்தில் இரண்டு தடவை அந்த நாள் வருகிறது. திருநாளாக ஒரு தடவை, திகதியாக ஒரு தடவை. போதாததற்கு, 21ஆம் திகதிக்கு ஒரு கிழமை முன்னால் புதுவருடப் பட்டாசு.

"பதின்மூன்றாம் திகதி பின்னேரமே ஜன்னலெல்லாம் சாத்திப்போட்டு ரேடியோவைக் கூட்டி வைத்துவிடுவேன்" என்று எழுதியிருக்கிறார், ஜம்பட்டா வீதிப் பக்கமிருந்து ஒரு வாசகி. அன்று அக்காவை இழந்தவர். கோவிலைத் திருத்தி அதே ஆண்டு ஜூன் 12ஆம் திகதியே திறந்துவிட்டார்கள். இவரும் செவ்வாய்க்கிழமை நவநாளை விடவில்லை. ஆனால் உள்ளே போவதில்லை. மெழுகுதிரி விற்பவர்களின் பக்கத்தில் நின்று ஒன்றை வாங்கி, தெரிந்த முகம் எதுவும் வந்தால் கையில் கொடுத்து ஏற்றச் சொல்கிறார். பூசை முடியுமட்டும் வெளியிலேயே நிற்கிறார். "உள்ளே வா, பயம் போய்விடும் என்கிறார்கள். எனக்குப் பயமில்லை. அக்கா இருந்த இடத்தை மிதிக்க மனமில்லை."

இந்த இதழின் நடுப் பக்கங்கள் முழுவதும் இப்படியான கடிதங்கள்தாம். எழுதியவர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிறவர்கள். பெயர்களை எடுத்துவிட்டோம். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து வாசித்தபோது எனக்குப் பட்டது ஒன்று: துக்கத்தில் இருப்பவர்களை நாம் மிகவும் கெதியாக விட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

நம்முடைய வழக்கங்களை நான் குறை சொல்லவில்லை. அயல் வீட்டிலிருந்து வரும் சாப்பாடு, எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, கல்வெட்டு, ஆண்டுத் திவசம், தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திராப் பௌர்ணமி என்று அழுவதற்கும் நினைப்பதற்கும் நாள் குறித்துக் கொடுத்தவர்கள் மனித மனத்தை நன்றாக அறிந்தவர்கள். போர்க்கால மனவடுவைப் பற்றி ஆழமாக எழுதிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் அவர்களும் இந்தச் சடங்குகள் மனத்தை ஆற்றுகின்றன என்பதை எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

கொழும்பில் அந்த வழக்கங்கள் சுருங்கிவிட்டன. தொடர்மாடியில் இருப்பவர் இறந்தால் உடலை வீட்டுக்குக் கொண்டுவருவதே கஷ்டம். மலர்ச்சாலையில் வைத்து, காரியத்தை முடித்து, பொரளைக் கனத்தை மயானத்துக்குக் கொண்டுபோய்விடுகிறோம். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஓடிவந்த பிள்ளைகள் அந்தியேட்டி முடிந்த கையோடு விமானம் ஏறிவிடுகிறார்கள். லீவு அவ்வளவுதான், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அதன் பிறகு ஐந்தாம் மாடியில் ஓர் அம்மா தனியே.

அப்படி ஒரு வெள்ளவத்தை அம்மா, இறந்துபோன கணவரின் போனுக்கு இன்னும் ரீலோட் போடுகிறார். இலக்கம் வேறு யாருக்கும் போய்விடக் கூடாதாம். தினமும் அதைச் சார்ஜில் போட்டு, அவருடைய கண்ணாடிக்குப் பக்கத்தில் வைக்கிறார். "பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. எனக்கு என்னவோ ஆகிவிட்டதென்று பயப்படுவார்கள்." உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அம்மா. இத்தனை வருடம் கூட இருந்தவரை ஒரு மாதத்தில் எடுத்துவைக்க யாராலும் முடியாது.

31ஆம் நாளே வாய்க்காதவர்களும் இருக்கிறார்கள். போரின் கடைசி ஆண்டுகளில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஆட்களைக் கடத்திய வெள்ளை வான் என்ற பெயரே வீட்டுக் கதவுகளை நேரத்தோடு பூட்டவைத்தது. கொண்டுபோன ஆள் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அப்பாவைத் தேடிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞர் எழுதுகிறார்: "ஆடி அமாவாசைக்கு விரதம் பிடித்தால் நானே அப்பாவைச் சாகடித்த மாதிரி. பிடிக்காவிட்டால் அவரைப் பட்டினி போட்ட மாதிரி." இந்த வரியை வாசித்துவிட்டு அன்று என்னால் வேறு வேலை செய்ய முடியவில்லை. வியட்நாம் போரில் காணாமற்போன விமானப்படையினரின் குடும்பங்களோடு பழகிய அமெரிக்க ஆய்வாளர் போலின் பாஸ், முடிவு தெரியாத இந்த இழப்பைத் தனியான ஒரு வகையாகவே பார்த்தார். இதில் ஆறாமல் இருப்பது அந்தக் குடும்பத்தின் பலவீனமல்ல, நிலைமையே அப்படியானது என்பது அவர் சொன்னதன் சாரம். இறந்துவிட்டார் என்று பதியாமல், ஆளைக் காணவில்லை என்று மட்டும் அத்தாட்சி தரும் சான்றிதழை 2016இல் இங்கே சட்டமாக்கினார்கள். வங்கி அலுவலுக்கு அது உதவும். அந்தப் பிள்ளையின் விரதத்துக்கு உதவாது.

இன்னொருவர் 1983 ஜூலைக் கலவரத்தில் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமில் இருந்து, கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போய், பிறகு கொழும்புக்கே திரும்பி வந்தவர். அவர் வீட்டு வாசலில் இன்றும் ஒரு பை இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, வங்கிப் புத்தகம், ஒரு சோடி உடுப்பு. ஜூலை பிறந்தால் அதைத் திறந்து சரிபார்ப்பாராம். பேரப்பிள்ளைகள் அது எதற்கென்று கேட்டால் பயணப் பை என்று சொல்லிவிடுவாராம்.

துக்கம் நோயல்ல. அதற்கு வேண்டியது ஆள்துணை. ஆனால் துக்கத்தின் மேல் நோயும் வரலாம், துக்கமே இல்லாமலும் மனச்சோர்வு வரலாம். மாதக்கணக்காக நித்திரையில்லை, குளிக்கவும் சாப்பிடவும் மனமில்லை, இருந்து என்ன பயன் என்ற கதை வருகிறது என்றால், பிறஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் போவதுபோல வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். இழந்து 6 மாதத்துக்கு மேலாகியும் அன்றாட வாழ்க்கையை முடக்கிப் போடும் துக்கத்தை, உலக சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைக்கு வந்த தன் நோய் வகைப்பாட்டில் சிகிச்சைக்குரியதாகச் சேர்த்திருக்கிறது. நம் வீடுகளில் இது பெரும்பாலும் நெஞ்சு நோவாகவும் தலையிடியாகவும்தான் வெளியே வரும். ஈசீஜீ எடுத்து, ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்த ஒன்றுமில்லையோடு விட்டுவிடாதீர்கள்.

கொட்டாஞ்சேனைத் தம்பி ஒருவர் மனச்சோர்வுக்கான குளிசைகளை வைட்டமின் போத்தலில் போட்டு வைத்திருக்கிறார். தங்கைக்குக் கலியாணம் பேசுகிறார்களாம். மனநல வைத்தியசாலை இருக்கிறதென்பதற்காக அங்கொடை என்ற ஊர்ப் பெயரையே ஏச்சாக்கி வைத்திருக்கிற நாம், அந்தப் பிள்ளை போத்தலை மாற்றுவதற்குப் பொறுப்பில்லை என்று எப்படிச் சொல்வது? தம்பி, நீங்கள் மருந்தை நிறுத்தாமல் எடுப்பது பெரிய காரியம். வைத்தியரைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

போக இடமில்லாமல் இல்லை. கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும், வெள்ளவத்தைக்குக் கிட்ட களுபோவில வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. அரசாங்க வைத்தியசாலைகள், காசில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். 1974இல் தொடங்கிய சுமித்ரயோவில் பெயர் கேட்காமல், புத்தி சொல்லாமல், நீங்கள் சொல்வதைக் கேட்கத் தொண்டர்கள் இருக்கிறார்கள். உயிரை மாய்க்க முயன்ற ஒருவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப் பொலிசை நினைத்துத் தயங்கும் வீடுகள் இன்னும் உண்டு. 1998இலிருந்து அது இந்த நாட்டில் குற்றமல்ல. தயங்காமல் கொண்டுபோங்கள்.

குறை ஒன்று இருக்கிறது, சொல்லத்தான் வேண்டும். மனம் விட்டுத் தமிழில் கதைக்க கொழும்பில் மனநல வைத்தியர்கள் போதாது. தாய் சொல்வதை மகள் பக்கத்திலிருந்து மொழிபெயர்க்கிறாள். மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாளே என்று தாய் பாதியை விழுங்கிவிடுகிறார். சிகிச்சையும் பாதியாகிவிடுகிறது. இதைச் சுகாதார அமைச்சு தீர்க்க வேண்டும். நாங்களும் கேட்டுக்கொண்டே இருப்போம்.

அதுவரை எங்களால் ஆன சிறிய காரியம்: அடுத்த இதழிலிருந்து தமிழ் மனநல வைத்தியர் ஒருவர் உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார். வீட்டில் எப்படிக் கதைப்பீர்களோ அப்படியே எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம், வயதும் ஊரும் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்