முப்பத்திரண்டு கிளிக்குகள்

தாழ்ந்த கார் அழகுதான். சக்கர வளைவுக்கும் டயருக்கும் நடுவில் இரண்டு விரல்கூட நுழையாதபடி, தார் ரோட்டை முகர்ந்துகொண்டு போகும் ஒரு சின்ன ஹேட்ச்பேக்கைப் பார்த்தால் எனக்கு இன்னமும் கழுத்து திரும்பும். அழகைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை. அந்த அழகுக்கு 'ஹேண்ட்லிங்' என்று பெயர் வைத்து விற்பவர்களோடும், வாங்கிவந்து அதை நம்புகிறவர்களோடும்தான் என் சண்டை. இரண்டாவது கூட்டத்தில் நானும் ஒரு வருடம் இருந்தேன்.

கோய்லோவர் தெரியாதவர்களுக்கு: ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் அமைப்பு அது. உடம்பில் மரை வெட்டியிருக்கும். வளையத்தைத் திருகினால் கார் ஏறும், இறங்கும். மேலே ஒரு குமிழ் இருக்கும், அதைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்கும். ஒவ்வொரு டிக்குக்கும் ஷாக் கொஞ்சம் இறுகும். என்னுடையதில் 32 டிக். பெட்டியில் 32 என்றுதான் பெரிதாகப் போட்டிருந்தது. விலை ஒரு லட்சத்துக்கு மேல். ஸ்பிரிங்கின் கடினம் எவ்வளவு என்பது உள்ளே ஒரு தாளில் சின்ன எழுத்தில் இருந்தது. அதை நான் படிக்கவில்லை.

நான் இருப்பது ஒரகடம் பக்கம். வடக்குப்பட்டு என்றால் உங்களில் சிலருக்கு 2022-ல் தொல்லியல் துறை அகழாய்வு செய்து கற்கருவிகள் எடுத்த ஊர் என்று ஞாபகம் வரலாம். எனக்கு அது ஷிஃப்ட் பஸ்களின் ஊர். சுற்றிலும் கார், லாரி, புல்லட், டயர் எல்லாம் செய்கிறார்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான், 2012-ல் டைம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்ட் என்று வரிசையாக வந்தார்கள். வண்டிகளைச் சோதிப்பதற்கென்றே அரசு கட்டிய ஆய்வு மையமும் ஒரகடத்திலேயே இருக்கிறது. இந்த நிலத்தில் பத்துப் பேரை நிறுத்தினால் நாலு பேர் காரின் ஏதோ ஒரு பாகத்தைக் கையில் தொட்டவர்களாக இருப்பார்கள். இங்கேயே உட்கார்ந்துகொண்டு, 'கோய்லோவர் போட்டா கார் ஒட்டிக்கிட்டுப் போகும்' என்று நானும் நம்பினேன். பி.இ. படித்தவன் வேறு.

ஓர் ஐப்பசி சாயங்காலம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. வடக்குப்பட்டுப் பக்கம் ஓர் இடது வளைவு. வேகம் அறுபதுக்குள்தான். வளைவின் நடுவில் ஒரு பேட்ச் ஒர்க் மேடு. முன் சக்கரம் அதில் ஏறியது, 'டக்' என்று இரும்பில் இரும்பு மோதியதுபோல ஒரு சத்தம். அடுத்த நொடி ஸ்டீயரிங் திரும்பியிருந்தது, கார் திரும்பவில்லை. நேராக எதிர்த்திசைக்குள் போனது. எதிரே டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அக்கா வண்டியைச் சேற்றுக்குள் இறக்கி நிறுத்திவிட்டார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கை நீளம் இருந்திருக்கும். நான் இறங்கி ஓடினேன். அவர் என்னைத் திட்டவில்லை. சாப்பாட்டுப் பையைச் சரி செய்துகொண்டு காரை ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னா தம்பி, வண்டி கீழ ஒக்காந்துடுச்சா?"

ரிப்பேர் ஆகிவிட்டதா என்று அக்கறையாகத்தான் கேட்டார். ஒரு லட்சம் கொடுத்து நானே உட்கார வைத்தது என்று சொல்ல வாய் வரவில்லை.

கோய்லோவரை மாட்டிக்கொடுத்த கடையில் கேட்டதற்கு, "நாலு கிளிக் டைட் பண்ணுங்க ப்ரோ" என்றார்கள். ரோட்டோரத்தில் அலைன்மென்ட் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன்தான் வேறு வேலை செய்தார். ஷாக்கின் ரப்பர் உறையைத் தூக்கி, தண்டில் ஒயர் கட்டுகிற ஒரு கேபிள் டையை இறுக்கினார். "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க சார்." போய்வந்தேன். டை, தண்டின் மேல் எல்லையில் பம்ப் ஸ்டாப்போடு ஒட்டி நசுங்கிக் கிடந்தது. "உங்க கார் ஸ்பிரிங்ல ஓடல சார். இந்த ரப்பர் மேல ஓடுது."

பம்ப் ஸ்டாப் என்பது ஷாக் அடி வாங்காமலிருக்கக் கடைசியாக வைக்கும் ரப்பர்த் துண்டு. காரை நான் 40 மி.மீ. இறக்கியிருந்தேன். அளந்து பார்த்தால், சும்மா நிற்கும்போதே அந்த ரப்பருக்கு மிச்சம் 20 மி.மீ.தான். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அமுங்கும். அதிலேயே பாதி போய்விடும். மேட்டில் ஏறினால் மீதியும் போகும். அந்த நொடியில் முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே கிடையாது, கல்தான். ஈரத் தாரில் டயர் பிடி விட இது போதும். ஐந்து ரூபாய் பெறாத ஒரு கேபிள் டை சொன்னதை 32 கிளிக்கும் எனக்குச் சொல்லவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பள்ளிக்கூட ஹூக் விதிக்கு மேல் பெரிதாக எதுவும் தேவைப்படவில்லை.

என் காரின் ஒரு முன் மூலை சுமக்கும் எடை ஏறத்தாழ 300 கிலோ. பழைய ஸ்பிரிங் மி.மீ.க்கு 2.2 கிலோ. அதாவது அந்த எடையில் அது 136 மி.மீ. அமுங்கி நிற்கும். இப்படி நிற்கும் கார் நொடிக்கு 1.35 தடவை மேலும் கீழும் ஆட விரும்பும். புது ஸ்பிரிங் மி.மீ.க்கு 6 கிலோ. 50 மி.மீ. மட்டும் அமுங்கும், நொடிக்கு 2.2 தடவை ஆடும். பந்தயத் தளத்தின் வழவழப்பில் இது சாதாரணம். ஒரகடம் சாலையில் குடலைக் கேட்டுப் பாருங்கள். ஸ்பிரிங் கடினமானால் ஆட்டத்தை அடக்க ஷாக்கும் கூடுதல் விசை தர வேண்டும். என் கணக்கில் அது ஒன்றரை மடங்குக்கு மேல். எது எவ்வளவு தருகிறது என்று காட்ட ஒரு விசை வரைபடம் வேண்டும். பெட்டியில் வரைபடம் இல்லை, ஸ்டிக்கர் இருந்தது.

கிளிக்கைப் பற்றியும் ஒன்று. பல செட்டுகளில் ஒரே குமிழ்தான், அமுங்கும்போதும் நிமிரும்போதும் உள்ள தடை இரண்டையும் சேர்த்தே மாற்றும். 1-க்கும் 2-க்கும் உள்ள வித்தியாசமும் 20-க்கும் 21-க்கும் உள்ள வித்தியாசமும் ஒன்றாக இருக்கும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. வளையத்தைத் திருகி ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. ஆகாது. மி.மீ.க்கு 6 கிலோ என்பது இறுக்கினாலும் 6 கிலோதான்.

பெட்டியில் கோய்லோவர் என்று எழுதியிருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஸ்போர்ட்ஸ் கார் என்று நாம் ஆசையாகக் கூப்பிடும் டர்போ ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலும் பின்பக்கம் டார்ஷன் பீம். ஸ்பிரிங் ஓர் இடம், ஷாக் ஓர் இடம். அதாவது நாலில் இரண்டுதான் கோய்லோவர். மீதி இரண்டும் பேருக்கு.

இன்னும் மோசமான செய்தி இருக்கிறது. முன்பக்க ஸ்ட்ரட் அமைப்பில் காரை இறக்கினால் கீழ்க்கை மேல்நோக்கிச் சாயும். காரின் எடை மையம் இறங்குவதைவிட வேகமாக, அது எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி இறங்கிவிடும். இரண்டுக்கும் இடைவெளி கூடினால் காரைச் சாய்க்கும் நெம்புகோல் நீளமாகிறது. தாழ்த்தினால் சாயாது என்று நினைத்துத் தாழ்த்துகிறோம். தாழ்த்தியதால் கூடிய சாய்வை அடக்கவே அந்தக் கடின ஸ்பிரிங்கில் ஒரு பங்கு செலவாகிறது.

இதையெல்லாம் சொன்னால் எனக்கு வரும் பதில்கள் மூன்று.

முதல் பதில்: "ஃபேக்டரி செட்டப் எல்லாம் காசு மிச்சம் பிடிக்கப் பண்ணதுடா." காசு மிச்சம் பிடிக்கிறார்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த உயரத்துக்குக் கஞ்சத்தனம் காரணமில்லை, ரோடுதான் காரணம். வேகத்தடைக்கு இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு: உயரம் 10 செ.மீ., நாம் ஏறி இறங்கும் நீளம் 3.7 மீட்டர். சக்கரங்களுக்கு நடுவே 2.5 மீட்டர் உள்ள கார் அதன் உச்சியில் நின்றால் வயிற்றுக்குக் கீழே 46 மி.மீ. மேடுதான் வரும். தாழ்த்திய காரே தாண்டிவிடும். ஆனால் நம் ஊரில் ராத்திரியோடு ராத்திரியாகப் போடப்படும் தடையின் நீளம் ஒன்றரை அடி, உயரம் அரை அடி. அதன் முழு உயரமும் வயிற்றுக்குக் கீழே வரும். நாலு பேரோடும் மூட்டையோடும் அதைத் தாண்ட வேண்டும் என்று யோசித்துத்தான் ஒருவர் அந்த உயரத்தை வைத்தார். அவர் என்னைவிட அதிகம் அளந்தவர்.

இரண்டாவது: "ஜப்பான்காரனுக்குத் தெரியாததா?" தெரியும். அவன் அவனுடைய ரோட்டுக்குச் செய்தான். உன் ரோட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளத்தான் அந்த மரையும் குமிழும். மீதி வேலையை உன்னிடம் விட்டிருக்கிறான். அதைச் செய்யாமல் பிராண்டைச் சொல்வது, புத்தகக் கண்காட்சியில் மூட்டை கட்டிவந்து அலமாரியைப் போட்டோ எடுத்துப் போடுவது மாதிரி. நம்மில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

மூன்றாவதுதான் எனக்குக் கோபம் வருவது: "என் காசு, என் கார்." அந்த அக்காவின் காசில்லை, அவர் காருமில்லை. ஆனால் என் 40 மி.மீ.க்கு விலை கொடுக்க இருந்தவர் அவர்தான். சட்டமும் இதில் நம் பக்கம் இல்லை. தயாரிப்பாளரின் அசல் விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. ஆனால் சட்டத்தைக் காட்டி யாரையும் பயமுறுத்துவது என் நோக்கமல்ல. காலை ஆறு மணி ஷிஃப்ட் மாறும்போது இந்தச் சாலையில் சைக்கிளும் ஸ்கூட்டியும் நடந்து போகிறவர்களுமாக எத்தனை பேர் என்று ஒருநாள் நின்று பாருங்கள், போதும்.

அதற்காக 'வண்டியைத் தொடாதே, கம்பெனி கொடுத்ததை ஓட்டு' என்கிற பெரியவர்கள் கட்சியிலும் நான் சேரமாட்டேன். தொட்டுப் பார்த்தவர்களால்தான் இங்கே மோட்டார் பந்தயமே வளர்ந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பல வருடம் பந்தயம் நடத்தி, 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தளம் போட்டது. கோவையில் கரிவரதன் மாருதி பாகங்களை வைத்து எண்பதுகளில் பந்தயக் காரே கட்டினார். இறக்குமதிப் பெட்டிக்காக அவர் காத்திருக்கவில்லை. செட்டிபாளையம் பந்தயத் தளத்துக்கு அவர் பெயர்தான். அவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் பணமல்ல. அவர்கள் கையில் நோட்டு இருந்திருக்கும், நம் கையில் ரீல் இருக்கிறது.

நோட்டு என்று சொல்வது நிஜமான நோட்டைத்தான். முதலில் டயர் அழுத்தம், காலையில் குளிர்ந்த டயரில் பார்த்து எழுதுங்கள். சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நாலு மூலையிலும் அளவு. உயரத்தை மாற்றினால் டோ, கேம்பர் இரண்டும் மாறும், மறுபடி அலைன்மென்ட். தண்டில் ஒரு கேபிள் டை. அப்புறம்தான் குமிழ். எல்லாவற்றையும் முழு மென்மையில் வைத்து, தெரிந்த ஒரே ரோட்டில், ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். மேடு தாண்டியபின் கார் படகு மாதிரி இன்னொரு முறை ஆடினால் இரண்டு கிளிக் ஏற்றுங்கள். டயர் ரோட்டை விட்டுத் துள்ள ஆரம்பித்தால் இரண்டு இறக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

என் தொழிலில் இது பாலபாடம். ஒரே கமிட்டில் ஐந்து மாற்றம் செய்தால் எது உடைத்தது என்று தெரியாது. டெஸ்ட் பண்ணாத கோடை நேராக புரொடக்‌ஷனில் போட்டால் வேலை போய்விடும். ஆபீஸில் இதற்காக ஜூனியர்களைத் திட்டுகிற நான், சாயங்காலம் நாலு மூலையையும் ஒரே நாளில் மாற்றி, டெஸ்டே பண்ணாமல் பொதுச் சாலைக்கு எடுத்துப் போனேன். வேகத்தைச் சோதிக்க இருங்காட்டுக்கோட்டையில் தளம் இருக்கிறது, டிராக் டே நடக்கிறது. அங்கே போனபோது தெரிந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: டயர் அழுத்தத்தைச் சரி செய்ததில் கிடைத்த வித்தியாசம் 32 கிளிக்கில் எதிலும் கிடைக்கவில்லை.

இந்த நோட்டுக்குப் பொறுமை இல்லையென்றால் கோய்லோவர் வாங்காதீர்கள். அந்தக் காசில் நல்ல டயர் நாலு, புதுக் கம்பெனி ஷாக் நாலு, புஷ் எல்லாம் மாற்றி அலைன்மென்ட் பாருங்கள். தேய்ந்துபோன பழைய ஷாக்கோடு ஒப்பிட்டுத்தான் பாதிப் பேர் கோய்லோவரைப் புகழ்கிறார்கள்.

நான் கழற்றவில்லை. முன் ஸ்பிரிங்கை மி.மீ.க்கு 4 கிலோவுக்கு மாற்றினேன். காரை 25 மி.மீ. தூக்கினேன். இப்போது கம்பெனி உயரத்தைவிட 15 மி.மீ.தான் குறைவு. பம்ப் ஸ்டாப்புக்கு 45 மி.மீ. இருக்கிறது. வடக்குப்பட்டு வளைவில் அந்தப் பேட்ச் இன்னும் அப்படியே கிடக்கிறது. கார் அதில் ஏறி, ஒருமுறை மூச்சு விட்டு, திருப்பிய பக்கம் திரும்புகிறது. போன வாரம் பார்க்கிங்கில் நண்பன் ஒருவன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மச்சான், கோய்லோவரைக் கழட்டிட்டியா?"

இல்லடா, இப்பதான் மாட்டியிருக்கேன் என்றேன்.