பாவசங்கீர்த்தனமும் தன்னிலையும்

மிஷேல் ஃபூக்கோவின் பெயர் தமிழ்ச் சிற்றிதழ்ச் சூழலில் சிறைச்சாலையோடும் கண்காணிப்புக் கோபுரத்தோடுமே பெரிதும் பிணைந்துபோய்விட்டது. பாவசங்கீர்த்தனம் பற்றி அவர் எழுதியவற்றையும் அதே கோபுரத்தின் இன்னொரு சாளரமாகவே நாம் வாசித்துப் பழகியிருக்கிறோம். இவ்வாசிப்பு போதாது என்பதே நம் துணிபு.

புத்தி விவரம் தெரிந்த வயதை எட்டிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் குருவிடம் பாவங்களை அறிக்கையிட வேண்டும் என்று 1215இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் விதித்தது. 'பாலியலின் வரலாறு' முதல் தொகுதியில் (1976) ஃபூக்கோ இவ்விதியைச் சுட்டிச் செல்கிறார். முன்னமே உள்ளே கிடந்த உண்மை வாய்வழியே வெளிப்படுகிறது என்று அவர் கொள்வதில்லை. உரைக்கும் செயலே உரைப்பவனின் அந்தரங்கத்தை உண்டாக்குகிறது. (பாவசங்கீர்த்தனம் இன்று ஒப்புரவு அருட்சாதனம் ஆகிவிட்டது. பழைய சொல்லில் இருந்த அச்சம் புதிய சொல்லில் இல்லை.)

இதுவரை எவரும் ஒப்புவர். ஆனால் இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலை, 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற அந்நூலை, அருகில் வைத்துப் பார்த்தால் சிக்கல் தொடங்குகிறது. ஒரே ஒரு குறையைத் தேர்ந்துகொண்டு, நண்பகலிலும் இரவிலும் நாழிகை நாழிகையாகத் தன்னைச் சோதித்து, விழுந்த தடவைகளைக் கோடுகளின்மேல் புள்ளிகளாக இடச் சொல்கிறார் அவர். இன்றைய புள்ளிகள் நேற்றையவற்றோடும், இவ்வாரம் சென்ற வாரத்தோடும் ஒப்பிடப்பட வேண்டும். அங்கே திரைக்கப்பால் குரு இல்லை. கணக்கெழுதுபவனும் கணக்குக் கேட்பவனும் ஒருவனே. இது அதிகாரம் எலும்புவரை இறங்கிய நிலை என்பார்கள். இருக்கலாம். ஆயினும் தன்னைத் தீர்ப்பிடக் கற்றவன், தன்னை ஆள்வோரையும் ஒருநாள் தீர்ப்பிட மாட்டானா?

1978இல் விமர்சனம் என்பது யாது என்று வினவிய உரையில் ஃபூக்கோவே இத்திசையில் நடந்திருக்கிறார். ஆயர் தன் மந்தையை ஆளும் கலை பெருகப் பெருக, இப்படி ஆளப்பட மாட்டோம் என்ற மறுப்பும் அதனுடனே எழுந்தது என்கிறார். நம்மவர்கள் அதிகம் புரட்டாத பக்கம் இது.

தமிழுக்கும் இதில் பங்குண்டு. 1580இல் அண்டிரிக் அடிகளார் கொச்சியில் தமிழில் அச்சிட்டது ஒரு பாவசங்கீர்த்தனக் கையேடு. தமிழில் அச்சேறிய முதல் சில நூல்களுள் அது ஒன்று. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே உழைத்தவர் அவர். இலக்கிய வரலாறு கற்பிக்கும் நாமோ அதனை 'அச்சுக்கலையின் தோற்றம்' என்ற தலைப்பின்கீழ் ஒற்றை வரியில் கடந்துவிடுகிறோம். ஒரு தமிழ் மனத்தை நோக்கி அந்நூல் என்னென்ன வினாக்களைத் தொடுத்தது என்று எந்த மாணவரும் நம்மைக் கேட்டதில்லை. கேட்கும்படி நாமும் நடத்தியதில்லை.