தகுதி கேட்பவர் யார்?

கூட்ரோட்டு டீக்கடையில் ஒரு பேச்சு. அடுத்த ஜனாதிபதி யார் என்று. திரௌபதி முர்முவின் பதவிக்காலம் 2027 ஜூலையில் முடிகிறது, அதையொட்டி. பக்கத்து பெஞ்சுக்காரர் என்னைப் பார்த்து, "இந்த வாட்டியும் உங்க ஆளத்தான் போடுவாங்க சார்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்புறம் ஒரு வாய் டீ குடித்துவிட்டு, "இருந்தாலும் தகுதின்னு ஒண்ணு பாக்க வேணாமா?" என்றார்.

முர்மு ஒடிசாவின் சந்தால் பழங்குடி. நான் செஞ்சிப் பக்கத்துச் சேரிக்காரன். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். போகட்டும். ஆனால் அந்தத் தகுதி என்ற சொல் எனக்குப் பழைய பழக்கம். வங்கியில் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்த முதல் வாரமே அறிமுகமாகிவிட்டது. வவுச்சரில் ஓர் இலக்கம் மாறிப்போனால் மற்றவருக்கு அது கவனக்குறைவு. எனக்கு அது கோட்டா. அதனால் அந்தச் சொல்லை யாராவது எடுத்தால், யார் எடுக்கிறார்கள், எப்போது எடுக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் ஜனாதிபதி வேட்பாளரைக் கட்சிக்குள்ளேயே மாதக்கணக்கில் மாநிலம் மாநிலமாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இவருக்குத் தலைமைக் குணம் உண்டா, நெருக்கடியில் நிலைகொள்வாரா, முன்பு எதற்கு ஓட்டுப் போட்டார் என்று சாதாரண ஜனம் வாக்குவாதம் பண்ணுகிறது. 1984லும் 1988லும் ஜெஸ்ஸி ஜாக்சன் அந்தக் களத்தில் நின்றார். 1988இல் ஏறக்குறைய 70 லட்சம் ஓட்டு. வேட்பாளராகவில்லை, ஆனால் கறுப்பர்களின் கேள்விகளை நாடே கேட்கும்படி வைத்துவிட்டுத்தான் ஒதுங்கினார். அங்கே பணம் பேசுவதும் உண்டு, நிறவெறி பேசுவதும் உண்டு. பேச்சு வெளியில் நடக்கிறது என்பதுதான் விஷயம்.

இங்கே? டெல்லியில் ஒரு கதவு சாத்தப்படும். திறக்கும்போது ஒரு பெயர் வரும். 2017 ஜூன் 19 அன்று ராம்நாத் கோவிந்த் என்ற பெயர் வந்தது. மூன்றே நாளில் எதிர்த்தரப்புக் கதவும் திறந்து மீரா குமார் பெயர் வந்தது. ஓட்டு ஜூலை 17. செஞ்சி எம்.எல்.ஏ. ஓட்டுக்கு மதிப்பு 176, அதுவும் 1971 மக்கள்தொகைக் கணக்குப்படி. ஆரணி எம்.பி. ஓட்டுக்கு 2022இல் 700. உங்களுக்கும் எனக்கும் பூஜ்யம். வேட்புமனுவில் முன்மொழிய 50 பேர், வழிமொழிய 50 பேர் கையெழுத்துப் போடவேண்டும். அவர்களும் வாக்காளர்களாக இருக்கவேண்டும். 1997க்கு முன் பத்துப் பத்துப் பேர் போதும். கே.ஆர். நாராயணன் நின்ற அதே வருஷம்தான் அதை ஐம்பதாக்கினார்கள்.

அந்த 1997ஐக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும்.

நாராயணனிடம் இல்லாத தகுதி எது? உழவூரில் ஓலைக்குடிசை. லண்டனில் ஹெரால்டு லாஸ்கியிடம் படிப்பு. 1976இல் சீனத்துக்குத் தூதர், பிறகு அமெரிக்காவுக்கு. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத் துணைவேந்தர். ஒத்தப்பாலத்தில் மூன்று முறை எம்.பி. ஐந்து வருஷம் துணை ஜனாதிபதி. இத்தனைக்கும் பிறகு அவர் பெயருக்கு முன்னால் ஒட்டப்பட்ட அடைமொழி 'தலித் வேட்பாளர்'. எதிரில் நின்ற டி.என். சேஷனுக்கு யாரும் சாதி அடைமொழி வைக்கவில்லை. நாராயணனுக்கு 9,56,290, சேஷனுக்கு 50,631, டெபாசிட் போனது. ஜூலை 25 அன்று நாராயணன் பதவியேற்றார். தேசமே பெருமைப்பட்டது.

அதற்குச் சரியாக 25 நாள் முன்னால், ஜூன் 30 அன்று, மேலவளவு. ரிசர்வ் தொகுதி ஊராட்சிக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் ஓடுகிற பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். முருகேசன் தலையைத் துண்டித்துக் கிணற்றில் போட்டார்கள். அவர் செய்த குற்றம், சட்டம் கொடுத்த நாற்காலியில் உட்கார நினைத்தது. ஜனாதிபதி நாற்காலிக்கு ஒரு தலித் தகுதியானவரா என்று நாடு பேசிக்கொண்டிருந்த அதே மாதத்தில், ஊராட்சி நாற்காலிக்கான பதிலை மேலவளவில் அரிவாளால் எழுதிவிட்டார்கள். தண்டிக்கப்பட்டவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுதலையும் செய்தது தமிழக அரசு.

அப்படியென்றால் நாராயணன் அங்கே போய் உட்கார்ந்ததில் பிரயோஜனமே இல்லையா? இந்த இதழின் நண்பர்களுக்குள்ளேயே இதில் சண்டை உண்டு. "எல்லாம் பொம்மைதான் தோழர், ரப்பர் ஸ்டாம்பு" என்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை.

1997 அக்டோபரில் உத்தரப் பிரதேச அரசைக் கலைக்க குஜ்ரால் அமைச்சரவை அனுப்பிய கோப்பைத் திருப்பி அனுப்பினார் நாராயணன். 1998 செப்டம்பரில் பீகாரைக் கலைக்க வாஜ்பாயி அமைச்சரவை அனுப்பியதையும் திருப்பினார். இரண்டு கட்சிக்கும் ஒரே அளவுகோல். 1998 தேர்தலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்; பதவியிலிருந்த ஜனாதிபதி எவரும் அதுவரை செய்யாதது. உச்ச நீதிமன்ற நீதிபதி நியமனக் கோப்பு வந்தபோது, தாழ்த்தப்பட்டவர், பழங்குடியினரையும் கருத்தில் கொள்ளலாம் என்று குறிப்பு எழுதினார். வந்த பதில் என்ன தெரியுமா? தகுதிதான் அளவுகோல் என்று. டீக்கடை பெஞ்சும் டெல்லி பெஞ்சும் ஒரே பாடம் படித்திருக்கின்றன! ஆனால் 2000இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார், 2007இல் தலைமை நீதிபதியானார்.

எல்லையும் தெரிந்தது. 1997 டிசம்பர் 1 இரவு பீகாரின் லட்சுமண்பூர் பாத்தேயில் 58 பேரை ரன்வீர் சேனா கொன்றது. மாளிகையில் நம்மவர் இருந்தார். மனம் நொந்து பேசினார். 2013இல் பாட்னா உயர் நீதிமன்றம் தண்டனை பெற்ற 26 பேரையும் விடுவித்தது. ஜனாதிபதி பேனா அங்கே எட்டாது.

ஆனால் அந்தப் பேனா நமக்கு எதிராக எட்டியதுண்டு. 1979 ஆகஸ்டில் சரண்சிங் விலகியதும் அடுத்து அழைக்கப்பட்டிருக்க வேண்டியவர் ஜகஜீவன்ராம். 1971 போரின்போது பாதுகாப்பு அமைச்சர். நேரு காலத்திலிருந்து நிர்வாகம் பார்த்த மனிதர். ஜனாதிபதி சஞ்சீவ ரெட்டி அவரைக் கூப்பிடவில்லை, மக்களவையைக் கலைத்தார். அதற்கு ஒரு வருஷம் முன்புதான், காசியில் அவர் திறந்து வைத்த சிலையைக் கங்கை நீர் விட்டுக் கழுவினார்கள். ஒரே தேசம், இரண்டு கழுவல்.

அந்த ஜகஜீவன்ராமின் மகள்தான் மீரா குமார். 2017இல் இரண்டு பக்கமும் தலித். தலித்துக்கு எதிராகத் தலித்தை நிறுத்திவிட்டு, எதிர்த்தால் தலித் விரோதி என்று இரு தரப்பும் பேசியது. கோவிந்த் 7,02,044, மீரா குமார் 3,67,314. ஜெயித்த அன்று கோவிந்த், சின்ன வயதில் ஒழுகிய தன் மண்வீட்டை நினைத்துப் பேசினார். எங்கள் காலனியில் அதைக் கேட்டு ஒரு ஆயா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் அன்று கேலி செய்யவில்லை. இப்போதும் செய்யமாட்டேன். ஒழுகின வீட்டில் படுத்தவனுக்குத்தான் அது தெரியும்.

ஆனால் கேட்கவேண்டியதைக் கேட்டாக வேண்டும். 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் ஓட்டெடுப்புக்கு விடாமல், கூச்சலுக்கு நடுவே குரல் வாக்கில் வேளாண் மசோதாக்களை நிறைவேற்றினார்கள். கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள் என்று எதிர்க்கட்சிகள் கோவிந்திடம் கேட்டன. சாதாரண மசோதாவை ஒருமுறை திருப்பி அனுப்ப அரசியல் சட்டத்தின் 111ஆம் பிரிவு அவருக்கு இடம் கொடுத்தது. 27ஆம் தேதி கையெழுத்தாகிவிட்டது. அப்புறம் டெல்லி எல்லையில் விவசாயிகள் குளிரிலும் வெயிலிலும் ஒரு வருஷம் கிடந்தார்கள். 2021 கடைசியில் ரத்து மசோதா வந்தது, அதிலும் அதே கையெழுத்து. நம் செஞ்சி கமிட்டியில் நெல் மூட்டையோடு ராத்திரி படுத்துக் கிடக்கிற குடியானவருக்கும், அந்த மூட்டையைச் சுமக்கிற நம் சனத்துக்கும் இது தூரத்துச் சங்கதி இல்லை.

முர்மு விஷயத்தில் கேள்வி வேறு மாதிரி. 1992இல் ஜி.ஜி. ஸ்வெல், 2012இல் பி.ஏ. சங்மா என்று இரண்டு பழங்குடித் தலைவர்கள் நின்று தோற்ற பிறகு, 2022இல் ஒரு பழங்குடிப் பெண் ஜெயித்தார். அது சின்ன விஷயம் அல்ல. ஆனால் 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்தைத் திறந்தது பிரதமர். தமிழ்நாட்டிலிருந்து ஆதீனங்கள் செங்கோலோடு போயிருந்தார்கள். நாடாளுமன்றத்தின் ஓர் அங்கமான குடியரசுத் தலைவர் அங்கே இல்லை. அவருடைய வாழ்த்துச் செய்தியைத்தான் வாசித்தார்கள். கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் 2020இல் ஊராட்சித் தலைவரான நம் பெண்ணைத் தரையில் உட்காரவைத்துக் கூட்டம் நடத்திய படம் பார்த்திருப்பீர்கள். இரண்டும் ஒன்று என்று சொல்லவரவில்லை. எனக்கு அந்தப் படம் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

நம் செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி தவிர நாலாவதாக ஒரு சின்னக் குன்று உண்டு. சக்கிலிதுர்க்கம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் கோட்டை சேர்ந்தபின் வெளியூர்க்காரர்கள் சிலர் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு விளக்கம் கேட்கிறார்கள். அடிவாரத்தில் மாடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "பேரு நம்மளுது தம்பி. பீரங்கி எவன் கையில இருந்துச்சின்னு கேளு."

அடுத்த வேட்பாளர் நம்மவராக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். யாராக இருந்தாலும் தகுதியைக் கேட்போம். இந்த முறை நாம் கேட்போம். பட்டம், பதவி, சாதிச் சான்றிதழ் வேண்டாம். இதற்குமுன் உங்கள் மேஜைக்கு வந்த எந்தக் காகிதத்தைத் திருப்பி அனுப்பினீர்கள்? உங்களைக் கொண்டுவந்து நிறுத்தியவர்களிடம் எப்போதாவது முடியாது என்று சொன்னதுண்டா? சேரி எரிந்தபோது நீங்கள் எம்.பி.யாகவோ கவர்னராகவோ இருந்தால், அந்த வாரம் எங்கே இருந்தீர்கள்?

டீக்கடை நண்பரிடமும் இதைச் சொன்னேன். "அப்ப ஒருத்தரும் தேறமாட்டாங்களே சார்" என்றார். தேறாவிட்டால் அதையும் எழுதி வைப்போம். உங்கள் கேள்விகளை இதழுக்கு அனுப்புங்கள். கார்டில் நாலு வரி போதும். ஊர்ப் பெயரோடு அச்சிடுவோம்.