மழை மேல் போடும் பழி

கடலூர் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை வலுத்து, பரவனாற்றங்கரை வயல்களில் வெள்ளம் ஏறும்போதெல்லாம் ஒரு விளக்கம் தயாராக வந்து நிற்கிறது. நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில், ஓடிவரும் மண்ணைத் தங்கவைக்க வண்டல் குட்டைகள் இருக்கின்றன. தோண்டிக் கொட்டிய மண்மேட்டைச் சுற்றி வடிகால் வெட்டியாயிற்று. மேட்டின் மேல் மரமும் நட்டாயிற்று. அதையும் மீறிச் சேறு வெளியே வந்தால் அது இயற்கைச் சீற்றம், மனிதரால் என்ன செய்ய முடியும் என்பதே அந்த விளக்கம். நெய்வேலிக்கு மட்டும் உரிய பேச்சல்ல இது. பல ஆண்டுகளாகக் கேட்பாரின்றி உலவுகிறது என்பதைத் தவிர இதற்கு வேறு பலம் கிடையாது.

முதலில் இயற்கைச் சீற்றம். 1972 பிப்ரவரி 26 காலையில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், பஃபலோ கிரீக் பள்ளத்தாக்குக்கு மேலே இருந்த நிலக்கரிக் கழிவு அணை உடைந்தது. 125 பேர் இறந்தார்கள். நாலாயிரம் பேருக்கு மேல் வீடிழந்தார்கள். அணையின் உரிமையாளரான பிட்ஸ்டன் நிறுவனம் அதைக் 'கடவுளின் செயல்' என்றது. சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி அந்த அணையை எழுப்பியது நிறுவனம். தண்ணீர் ஏறினால் பத்திரமாக வழிந்தோட முறையான கலிங்கு ஒன்றைக்கூட அது வைக்கவில்லை. மழை செய்தது ஒன்றுதான்: இல்லாத கலிங்கை ஊருக்குக் காட்டிக்கொடுத்தது.

கடலூருக்கும் பெருமழை புதிதல்ல. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. நம் நாட்டில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குத் தரப்படும் சுற்றுச்சூழல் அனுமதிகளில் வழக்கமாக ஒரு நிபந்தனை இருக்கும்: திடீர்ப் பெருமழையின் உச்ச அளவைக் கணக்கிட்டு, அதற்கு மேலும் 50 சதவீதம் கூடுதல் கொள்ளளவோடு நீர்த்தேக்கக் குழிகளை அமைக்க வேண்டும். கையெழுத்திட்டு அனுமதி வாங்கும்போதே பெருமழை எதிர்பார்க்கப்பட்டுவிட்டது. பிறகு அதை எதிர்பாராதது என்று சொல்வது நியாயமில்லை.

வண்டல் குட்டைக்கு வருவோம். இந்த விளக்கம் முழுவதும் சாய்ந்து நிற்கும் தூண் அதுதான்.

100 ஹெக்டேர் மண்மேட்டில் 40 செ.மீ. மழை பெய்தால் விழும் நீர் 40 கோடி லிட்டர். அதில் பாதி ஓடி வந்தாலும் 20 கோடி லிட்டர். இரண்டு மீட்டர் ஆழக் குட்டையில் அதைப் பிடித்து வைக்க 10 ஹெக்டேர், ஏறக்குறைய 25 ஏக்கர் வேண்டும். அதுவும் மழைக்கு முன் குட்டை காலியாக இருந்தால்தான். முதல் மழையிலேயே பாதிக்கு வண்டல் ஏறிய குட்டையில் அடுத்த மழைக்குப் பாதி இடந்தான் மிச்சம்.

இடம் கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும் சிக்கல் தீராது. மழை பெய்துகொண்டிருக்கும்போது மண்மேட்டிலிருந்து இறங்கும் ஓடை நீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஓரிடத்தில் அசையாமல் வைத்தால், பருமணல் சில நொடிகளில் அடியில் தங்கிவிடும். மேலே நிற்பது டீ நிறத்திலேயே நிற்கும். மறுநாள் பார்த்தாலும் தெளிந்திருக்காது. காரணம் எளிது. 0.1 மி.மீ. மணல் துகள் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஏறக்குறைய இரண்டு நிமிடம் போதும். மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு அளவே உள்ள களிமண் துகளுக்கோ, அசைவற்ற நீரிலேயே மூன்று நாளுக்கு மேல் ஆகும். போதாததற்கு, தம் மேலுள்ள மின்னூட்டத்தால் களிமண் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடப்பதில் மணற்பாறையோடு களிமண்ணும் உண்டு. கொட்டும் மழையில் குட்டைக்குள் நுழைந்த நீர் சில மணி நேரத்தில் மறுபக்கம் வெளியேறிவிடும். மணல் தங்கும், களிமண் ஆற்றுக்குப் போய்விடும். தேத்தாங்கொட்டையை உரசிக் கலங்கல் நீரைத் தெளியவைத்த நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரியும்: தானாகத் தெளியாத நீரும் உண்டு. சுரங்கக் குட்டையில் அந்த வேலையைப் படிகாரம் போன்றவை செய்யும். அதையும் அளந்து கலந்து, பொறுத்திருந்து விட வேண்டும்.

நிலக்கரிச் சுரங்கங்களுக்கென்று 2000-ஆம் ஆண்டில் வந்த இந்தியத் தரநிர்ணயப்படி, நீர்நிலைக்குள் விடும் நீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அமெரிக்க வரம்பு ஒரு நாளின் உச்சமாக 70 மில்லிகிராம். ஆனால் பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் 24 மணி நேர மழையையும் தாண்டிப் பெய்தால் அங்கே திடப்பொருள் வரம்பே கிடையாது. இதைச் சுரங்கத் தரப்பு தனக்குச் சாதகமாகக் காட்டுவதுண்டு. உண்மையில், குட்டையை மட்டும் நம்பினால் பெருமழையில் அது கைவிடும் என்பதற்குச் சட்டமே தரும் சாட்சி இது.

சுரங்க நீரால் விவசாயம் செழிக்கிறது என்பது இன்னொரு வாதம். இங்கே இரண்டு தண்ணீரை ஒன்றாக்கிவிடுகிறார்கள். நிலக்கரிப் படிவத்துக்கு அடியிலிருந்து முட்டும் நிலத்தடி நீரைச் சுரங்கம் இடைவிடாமல் இறைக்கிறது. அது கோடையில் வயலுக்கு உதவுகிறது. நவம்பரில் மண்மேட்டைக் கரைத்துக்கொண்டு வருவது வேறு. இப்பகுதியின் வாலாஜா ஏரியும் பெருமாள் ஏரியும் இந்த இரண்டு நீரையும்தான் வாங்கிக்கொள்கின்றன. வாலாஜா ஏரியைச் சுரங்க நிறுவனமே தன் சமூகப் பொறுப்பு நிதியில் தூர்வாரியது. நல்ல வேலைதான். ஆனால் குட்டைகள் மண்ணையெல்லாம் பிடித்துவிடுகின்றன என்று சொல்லிக்கொண்டே ஏரியைத் தூர்வாரியதைச் சாதனையாகவும் சொல்ல முடியாது.

மரம் நட்டதைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. கன்று வேர்பிடித்து மண்ணைக் கட்ட ஆண்டுகள் ஆகும். நட்ட ஆண்டின் மழையைத் தாங்குவது தரையை மூடும் புல்தான்.

மண் கிளம்பும் இடத்திலேயே தடுப்பதுதான் செய்ய வேண்டியது. நெடுஞ்சரிவாக விடாமல் மேட்டைப் படிப்படியாக அமைத்து, ஒவ்வொரு படியையும் உள்பக்கம் சாய்த்தால் தண்ணீர் வேகமெடுக்காது. வெறும் மண்ணை மழைக்கு முன் தென்னை நார் விரிப்பாலோ வெட்டிவேராலோ மூடலாம். குட்டைகளை அக்டோபர் பிறக்குமுன் தூர்வாரி, மிச்சமுள்ள கொள்ளளவை அளந்து, பரவனாற்றுக் கரையின் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் எழுதிப் போடலாம். மழை நாளில், மழை பெய்யும் நேரத்திலேயே எடுத்த கலங்கல் அளவும் அதே பலகையில் வர வேண்டும்.